சிறகு முளைக்காத ஈக்கள்

கொசுவின் ஈக்களுக்குச் சிறகு முளைத்தது, அவளுடைய ஈக்களுக்கு முளைக்கவில்லை. பிரச்சினை அவ்வளவுதான். இத்தனை சின்ன விஷயம் ஒரு மனுஷியை இந்தப் பாடு படுத்துமா என்று வெளியாட்கள் கேட்கலாம். படுத்தியது.

ஒரே வகைப் பழ ஈ. ஒரே அண்டாவில் காய்ச்சி ஊற்றிய உணவு. ஒரே வெப்பப் பெட்டி. மேல்தட்டில் அவனுடையவை, கீழ்த்தட்டில் அவளுடையவை. கீழே சூடு குறைவோ என்று இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அவனுடைய ஈக்களையே அவளிடம் கொடுத்து வளர்க்கச் சொன்னார்கள். அவன் கையில் முழுச் சிறகோடு வந்த அதே வம்சம், அவள் கைக்கு வந்ததும் தோளில் கசங்கிய காகிதத் துணுக்கு மாதிரி எதையோ ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. பறக்க முடியாமல் அடியில் விழுந்தது. புழுவாக இருந்தபோது தின்று மிச்சம் வைத்த கூழிலேயே காலும் வயிறும் ஒட்டிக்கொண்டு செத்தது.

“உனக்குக் கைராசி இல்ல தாயே,” என்றான் கொசு.

கொசு என்பது பட்டப்பெயர். கொசு ஆராய்ச்சி செய்யும் இடத்திலிருந்து இங்கே மாறி வந்தவன், ஆளும் ஒல்லி, காதுக்குப் பக்கத்தில் வந்து நின்று ஓயாமல் பேசுவான். மூன்றும் பொருந்திப் போனதால் அந்தப் பெயர் அவனை விட்டு இறங்கவே இல்லை.

செத்த ஈக்களை எண்ணெய்க் குப்பியில் தட்டிக் கொட்டினாள் அவள். ஒன்று குப்பியின் வாயோரம் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. தூரிகையால் தள்ளினாள். வயிறு பிதுங்கி, வெளிறிய முட்டைகள் தூரிகையில் அப்பின. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. கொசு பார்க்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் யாருக்கும் தெரியாத சங்கதி அது. அவளுக்குப் புழு என்றால் அருவருப்பு. சாதாரண முகச்சுளிப்பு இல்லை. உடம்பு முழுவதும் ஏறுகிற அருவருப்பு. வேலைக்கு எடுக்கும்போது மேடம் கேட்டார், புழு பூச்சி பார்த்தால் ஏதாவது செய்யுமா என்று. மேடம்தான் கூடத்தின் தலைவி. அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். சொன்ன வாய்க்கு அன்றிலிருந்து ஓய்வே இல்லை. எச்சில் விழுங்கி விழுங்கியே காலம் போனது.

பின்னே ஏன் இந்த வேலைக்கு வந்தாள்? அதற்கும் காரணம் அந்தப் புழுதான்.

பழ ஈயின் புழு அரிசி நீளம்கூட இருக்காது. அதற்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. ஆனால் தோலுக்கு உள்ளே, பின்னால் வரப்போகும் சிறகுக்கான முளை இப்போதே தயாராக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பை. புழு கூடு கட்டி உறங்கும்போது அந்தப் பை விரிந்து சிறகாகும். இந்த ஆராய்ச்சிக்கூடத்து ஈக்களின் முளையில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். புழுவைச் சூட்டில் வைத்தால் சுவிட்ச் போட்டுக்கொள்ளும். முளையின் நடுவிலிருக்கும் செல்கள் தம்மைத் தாமே கொன்றுகொள்ளும். திரும்பக் குளிர்ச்சியில் வைத்தால் சுவிட்ச் அணைந்துவிடும். அதற்குள் முளையில் பெரிய ஓட்டை விழுந்திருக்கும். ஓரத்தில் தப்பிப் பிழைத்த செல்கள் பெருகி, ஓட்டையை அடைத்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று தமக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு, முளையைப் பழையபடி கட்டிவிடும். வெளியே வரும் ஈயின் சிறகைப் பார்த்தால், உள்ளே இப்படியொரு படுகொலை நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

இதை முதல்முறை கேட்ட அன்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் சாவு விழுந்தது ஓரத்துச் செல்லுக்கு எப்படித் தெரிகிறது? கண்ணில்லை, காதில்லை. யார் போய்ச் சொல்கிறார்கள்? அந்தக் கேள்வி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, புழு நெளியும் கூழுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டது.

பதிலில் பாதியை மேடம் முன்பே கண்டுபிடித்திருந்தார். சாகிற செல்தான் சொல்கிறது. சும்மா சாவதில்லை; சாகும்போது அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுவிட்டுத்தான் சாகிறது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் சாதுவான பொருள். செல் நொறுங்கும்போது அதில் கொஞ்சம் முரட்டு வடிவம் எடுக்கும். புண்ணில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு பொங்குமே ஹைட்ரஜன் பெராக்சைடு, அது அந்த முரட்டுக் கூட்டத்தில் ஒன்று. சாகிற செல்லிலிருந்து அது கசிந்து பக்கத்துச் செல்லுக்குள் போகும். நிறையப் போனால் அதுவும் சாகும். கொஞ்சமாகப் போனால் விழித்துக்கொள்ளும். விழித்துக்கொண்ட செல்லுக்குள் ஒரு புரதம் அடுத்ததை உசுப்ப, அது அதற்கடுத்ததை உசுப்ப, கடைசியில் ‘பெருகு’ என்ற உத்தரவு பிறக்கும். உத்தரவு கிடைத்த செல்லும் சும்மா இருக்காது. தன் பங்குக்கு ஒரு புரதத்தைச் சுரந்து, இன்னும் தள்ளி இருப்பவர்களையும் வேலைக்கு இழுக்கும். முதலில் கூப்பிட்டவன் யார் என்று மேடத்துக்குத் தெரியும். பக்கத்துச் செல்லுக்குள் அதை முதலில் கேட்ட புரதம் எது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. ஆனால் அவள் கையில் சிறகே முளைக்காதபோது, யார் கேட்டது என்று எங்கே போய்த் தேடுவது?

அழகான கேள்விதான். ஆனால் அதைக் கேட்க ஒரு நாற்றக் குண்டானுக்குள் தலையை விட வேண்டியிருந்தது.

புழு தின்னும் உணவு மாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுக் காய்ச்சிய கூழ். காய்ச்சிய அன்று பார்க்கலாம். புழு இறங்கிய பிறகு பார்க்கக் கூடாது. தலையை உள்ளே புதைத்து, பின்புறத்தை மட்டும் மேலே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு, கூட்டம் கூட்டமாகக் கிளறும். கெட்டியாக இருந்த கூழ் பழுப்புச் சளி போலக் குழையும். மூடியைத் திறந்தால் புளிப்பும் அழுகலும் கலந்த ஆவி மூக்கில் ஏறி நாக்கில் போய் உட்காரும். புழுவுக்குள்ளிருந்து சிறகு முளையை எடுப்பது இன்னும் மோசம். இரண்டு இடுக்கி வேண்டும். ஒன்றால் வாயைப் பிடித்துக்கொண்டு, மற்றதால் உடம்பை, காலுறையைப் புரட்டுவது போல உள்வெளியாகப் புரட்ட வேண்டும். கொழுப்பும் குடலும் சரிந்து வெளியே வரும். குடலுக்குள் பாதி செரித்த கூழ் இருக்கும். சில சமயம் புரட்டி முடித்த பிறகும் துடிக்கும்.

வீட்டில் அக்கா அவளை வாசலிலேயே நிறுத்தி, முதலில் குளி, பிறகு பேசு என்பாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அக்கா மருந்துக்கடையில் மருந்தாளுநர். தலைமுடியில் ஏறிய வாசனை இரண்டு முறை ஷாம்பு போட்டாலும் போகாது. தலையணை உறையை அக்கா தனியாகத் துவைத்தாள். “ஏண்டி புழுக்காரி, படிச்ச படிப்புக்கு உலகத்துல வேற ஜீவனே கிடைக்கலையா?” என்று தினமும் ஒருமுறையாவது கேட்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. இறங்காதது தங்கைக்கும்தான். சாதத்தைப் பிசையும்போது ஒவ்வொரு பருக்கையும் நெளிவது போலத் தோன்றும். அக்கா தட்டை நகர்த்தி வைத்து, சப்பாத்தி சுட்டுக் கொடுப்பாள்.

நாலைந்து முறை தோற்ற பிறகு மேடம் கூப்பிட்டுப் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. அன்பாகப் பேசினார். இன்னும் ஒரு முறை பார்க்கலாம், வராவிட்டால் இந்த வேலையைக் கொசு எடுத்துக்கொள்ளட்டும், உலர்பூச்சிப் பிரிவில் ஆள் தேவை, நீ அங்கே போ என்றார்.

உலர்பூச்சிப் பிரிவு மாடியில் இருந்தது. கண்ணாடிப் பெட்டிகளில் ஊசி குத்தி வரிசையாக நிற்கும் பூச்சிகள். எல்லாம் எப்போதோ செத்துக் காய்ந்தவை. எதுவும் கசியாது, நெளியாது. அந்துருண்டை வாசனை மட்டும்தான். அவள் உடம்பு அங்கே போகத் துடித்தது. போய் உட்கார்ந்தால் சாதம் சாப்பிடலாம், தலையணையில் முகம் வைத்துத் தூங்கலாம். ஆனால் ஓரத்துச் செல்லுக்குள் அந்தக் கூப்பாடு யார் காதில் விழுகிறது என்பதைக் கொசு கண்டுபிடித்து, காதுக்குப் பக்கத்தில் வந்து சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதை நினைத்தபோது வந்த எரிச்சல், புழு தந்த குமட்டலைவிடப் பெரிதாக இருந்தது.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே வேலையை இரண்டு பேர் செய்து இரண்டு விதமாக வந்தால், ஒருவர் வேலை செய்ய, மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும். பார்ப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. வேலை முடிந்த பிறகுதான் பேச வேண்டும். இதற்கு வாய்ப்பூட்டு என்று பெயர். அவளுடைய கடைசி வாய்ப்புக்குக் கொசு வாய்ப்பூட்டு உட்கார வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார்.

கொசு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் தாடையை வைத்து உட்கார்ந்தான். உதட்டின் மேல் ஒரு துண்டு காகிதப் பட்டையை ஒட்டிக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. சூட்டில் வைப்பதற்கு முன், புழுக்களைக் கூழிலிருந்து பொறுக்கி, கழுவி, சின்னத் தட்டுகளுக்கு மாற்ற வேண்டும். தட்டில் அவற்றுக்குத் தின்ன ஈஸ்ட் கூழ் தடவ வேண்டும். காய்ந்த ஈஸ்ட்டை அவரவர் கிண்ணத்தில் போட்டு அவரவரே குழைத்துக்கொள்வார்கள். மற்ற எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சோதித்தவர்கள் இதை மட்டும் சோதிக்கவில்லை. தண்ணீர் விட்டுக் குழைக்கிற மாவில் என்ன இருக்கிறது பார்ப்பதற்கு?

இங்கேதான் அவளுக்கு ஒரு சிக்கல் வந்தது. ஈஸ்ட்டில் தண்ணீர் பட்டதும் கிளம்பும் வாடை அவளுக்குச் சுத்தமாக ஆகாது. ஈர மூட்டையும் பழைய வியர்வையும் சேர்ந்தது போல இருக்கும். அதற்கு அவள் சில மாதங்களாக ஒரு தந்திரம் செய்துகொண்டிருந்தாள். வாந்தி வருகிற மாதிரி இருந்தால் குடி என்று அக்கா கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மாத்திரை ஒன்று. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரைந்து ஆரஞ்சு வாசனை வீசும். ஒருநாள் குடித்தது போக மிச்சத்தை ஈஸ்ட்டில் ஊற்றிக் குழைத்துப் பார்த்தாள். வாடை அடங்கியது. பழ ஈதானே, ஆரஞ்சு ஆகாதா என்ன? சந்தேகத்துக்குச் சுவிட்ச் இல்லாத சாதாரண புழுக்களை அதில் வளர்த்தும் பார்த்தாள். கொழுகொழுவென்று வளர்ந்து, ஒரு மடிப்புக்கூட இல்லாத சிறகோடு வந்தன. அதற்குப் பிறகு அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இன்று கொசு பார்த்துக்கொண்டிருக்கிறான். ஈஸ்ட்டில் எதற்கு ஆரஞ்சுத் தண்ணீர் என்று கேட்பான். நாற்றம் தாங்கவில்லை என்று சொல்ல வேண்டும். கூடம் முழுவதும் பரவும். கொசு சும்மாவே ஒன்றைப் பத்தாக்குவான்.

குழாயைத் திறந்து வெறும் தண்ணீரைப் பிடித்தாள். ஈஸ்ட்டில் ஊற்றிக் குழைத்தாள். வாடை எழுந்தது. கண்ணில் நீர் கட்டியது. மூச்சை அடக்கிக்கொண்டு குழைத்தாள். அடக்க முடியாமல் ஒருமுறை இழுத்தபோது தொண்டையில் காலை உணவு எட்டிப் பார்த்தது. விழுங்கினாள். தட்டுகளில் தடவினாள். புழுக்கள் அதில் குதூகலமாகத் தலையைப் புதைத்தன.

எல்லாம் முடிந்ததும் கொசு பட்டையைப் பிய்த்தான். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை என்பதில் அவனுக்கே வருத்தம். “நீ அழுதுகிட்டே வேல பாக்குறதத் தவிர வேற ஒண்ணும் தப்பா தெரியல,” என்றான்.

முதல் மாற்றம் சிறகில் தெரியவில்லை. புழுவின் நடத்தையில் தெரிந்தது. சூட்டிலிருந்து எடுத்துக் குளிர்ச்சியில் வைத்த பிறகு, சுவிட்ச் இல்லாத புழுக்கள் வழக்கம்போல் கூழை விட்டு ஏறி, தட்டின் சுவரில் ஒட்டிக் கூடாக மாறிவிட்டன. காயம்பட்டவை மாறவில்லை. அவை சளிக்குள்ளேயே, பருத்து, வெளிறி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஊர்ந்துகொண்டே இருந்தன. நோய் வந்துவிட்டது, இந்த முறையும் போச்சு என்று அவள் தட்டைத் தூக்கிக் கொசுவிடம் காட்டினாள்.

“இதுக்கா பதறுற? என்னோடதும் இப்படித்தான் சுணங்கும். அடிபட்டா சுணங்காம?”

“என்னோடது ஒருநாளும் சுணங்கினதே இல்லையே. அடிபட்டதும் படாததும் ஒண்ணா கூடு கட்டிடும்.”

கொசு தட்டைக் கீழே வைத்தான். “இத ஏன் இத்தன நாளா சொல்லல?”

“நல்லா வளருதுன்னு நெனச்சேன்.”

கொசுவுக்குத் தெரிந்தது இதுதான்: முளையில் ஓட்டை விழுந்தால், முளை பக்கத்தை மட்டும் கூப்பிடுவதில்லை. ஒரு புரதத்தைச் சுரந்து தலைக்கும் சொல்லி அனுப்பும். இங்கே கட்டட வேலை நடக்கிறது, இன்னும் கூடு கட்டாதே, பொறு என்று. தலை அதைக் கேட்டு, கூடு கட்டவைக்கும் ஹார்மோனைத் தள்ளிப்போடும். ஓட்டையை அடைக்காமல் கூட்டுக்குள் போய்விட்டால் பிறகு நேரமே கிடைக்காதல்லவா? அவளுடைய புழுக்கள் இத்தனை காலமும் பொறுக்கவே இல்லை. அப்படியென்றால் காயம் பட்டது அவற்றின் தலைக்குத் தெரியவே இல்லை. இந்த முறை தெரிந்திருக்கிறது.

சில நாள் கழித்து ஈக்கள் வெளியே வந்தன. எல்லாவற்றுக்கும் சிறகு. கொசு நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி, தன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

மேடம் பார்த்தார், சந்தோஷப்படவில்லை. பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் வருகிறது, உட்காராவிட்டால் வருவதில்லை என்றால், தனியாக இருக்கும்போது நீ ஒழுங்காகச் செய்வதில்லை என்றுதான் அர்த்தம் என்றார். தனியாக இருக்கும்போதுதான் அவள் இரண்டு மடங்கு கவனமாகச் செய்வாள். வேலை கொசுவுக்குப் போனது. மாடியில் மேசை ஒழிய மாதக் கடைசி ஆகும், அதுவரை கையிலிருப்பதை முடித்துக்கொள் என்று மேடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீட்டில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கொசு பார்த்தபோது நான் எதை மாற்றிச் செய்தேன் என்று மனத்துக்குள் கழுவுவதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒன்றுதான். ஒளித்தது ஆரஞ்சுத் தண்ணீர் ஒன்றைத்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் வளர்ந்த சாதாரண புழுக்களுக்குச் சிறகு குறைவில்லாமல் வந்ததே? ஆகாத பொருளாக இருந்தால் அவற்றுக்கும் அல்லவா ஆகாமல் போக வேண்டும்?

அந்த மாத்திரையில் என்ன இருக்கிறது என்று அக்காவிடம் கேட்டாள்.

“வைட்டமின் சி. கொஞ்சம் சோடா உப்பு, கொஞ்சம் வாசனை. ஏன், இன்னும் வாந்தி வருதா?”

“வைட்டமின் சி உடம்புக்குள்ள போய் என்னக்கா பண்ணும்?”

“அது ஆன்டி ஆக்சிடன்ட்டுடி. செல் கெட்டுப்போகும்போது வருமே கண்டகண்ட ஆக்சிஜன், அதையெல்லாம் புடிச்சு அடக்கிடும். அதுக்காகத்தானே எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க. உனக்குத் தெரியாததா?”

தெரியாததா? மூன்றாம் ஆண்டு மாணவிக்குக்கூடத் தெரியும். ஒன்று ஒரு மூலையில், இன்னொன்று வேறு மூலையில் என்று தலைக்குள் தனித்தனியாகக் கிடந்திருக்கிறது. சாதாரணமாக வளர்கிற முளையில் யாரும் சாவதில்லை. யாரும் கூப்பிட வேண்டியதில்லை. அதனால் வைட்டமின் சி அங்கே எதையும் கெடுக்காது. காயம்பட்ட முளையில் சாகிற செல் கூப்பிடுவதே அந்தக் கண்டகண்ட ஆக்சிஜனை வைத்துத்தான். அதைப் பிடித்து அடக்கினால் கூப்பிட்டவன் வாயைப் பொத்தியதாகிறது. பக்கத்துச் செல்லுக்குக் கேட்கவில்லை. தலைக்கும் கேட்கவில்லை. கூடு கட்ட நேரமாயிற்று என்று புழு ஓட்டையோடேயே போய்ப் படுத்துக்கொண்டது. இத்தனை மாதமாக அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது தன்னுடையதை மட்டுமல்ல.

மறுநாள் கொசுவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். சொல்லும்போது காது சுட்டது. கொசு ஆச்சரியப்பட்டான், ஆனால் அவள் பயந்த விஷயத்துக்கு இல்லை.

“நாத்தம் புடிக்காதுன்னா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? நான் ஒருநாள் புழுத் தட்டுல வாந்தியே எடுத்திருக்கேன். அந்தத் தட்டுல புழு சூப்பரா வளந்துச்சு.”

அந்தச் செய்தி அவளுக்குத் தேவையாக இருக்கவில்லை. ஆனாலும் மனசு கொஞ்சம் லேசானது.

ஆரஞ்சுத் தண்ணீர் கெடுத்தது என்று மட்டும் சொன்னால் மேடம் ஏற்கமாட்டார். எது கெடுத்தது, வாசனையா, சோடா உப்பா, வைட்டமினா? நான்கு விதமாக ஈஸ்ட்டைக் குழைத்தாள். ஒன்று வெறும் தண்ணீரில். ஒன்று ஆரஞ்சு வாசனைச் சாறு மட்டும் சேர்த்து. ஒன்று சோடா உப்பு மட்டும் சேர்த்து. ஒன்று வாசனையே இல்லாத வெள்ளை வைட்டமின் சி தூளை மட்டும் சேர்த்து. அக்கா தூளைக் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்து, புழுவுக்கு மருந்து கொடுத்த முதல் மருந்தாளுநர் நான்தான் என்று அலுத்துக்கொண்டாள். எது எது என்று அவளுக்கே தெரியக் கூடாது என்பதற்காகக் கொசு குழைத்த கிண்ணங்களை இடம் மாற்றி, கிண்ணங்களிலும் தட்டுகளிலும் வண்ணப் புள்ளிகள் ஒட்டி, விவரத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டான். நான்கில் மூன்று நாறின. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தடவினாள்.

சூடு கொடுத்து எடுத்த பிறகு ஒவ்வொரு தட்டிலிருந்தும் சில புழுக்களைப் பொறுக்கினாள். புரட்டினாள். கொழுப்பு இடுக்கியில் வழிந்து, கையுறை விரல்நுனியில் பிசுபிசுத்தது. ஒன்றின் குடல் அறுந்து மஞ்சள் கூழ் சிந்தியது. முளைகளை எடுத்து இரண்டு சாயங்களில் ஊறவைத்தாள். ஒரு சாயம் செத்த செல்லில் சிவப்பாக ஏறும். மற்றது, முரட்டு ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் பச்சையாக ஒளிரும்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். நான்கு தட்டுகளின் முளைகளிலும் நடுவில் ஒரே அளவு சிவப்பு. சாவு எல்லாவற்றிலும் ஒன்றுதான். பச்சை மூன்றில் மட்டும் இருந்தது. சிவப்பைச் சுற்றி, ஓரத்துச் செல்கள்வரை கசிந்து பரவியிருந்தது. நீலப் புள்ளித் தட்டின் முளையில் பிணங்கள் குவிந்து கிடந்தன, பச்சையே இல்லை. அவள் மற்ற மூன்றின் பச்சையை நெடுநேரம் பார்த்தாள். அழுகலின் ஒளி அது. மூடி திறந்தால் மூக்கைச் சுளிக்க வைக்கிற அதே இனத்துச் சங்கதி. அழகாக இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, அதைப் பார்க்கத் தான் எதைப் புரட்டினோம் என்பது நினைவுக்கு வந்து, எழுந்து போய்க் கை கழுவினாள்.

ஈக்கள் வெளியே வந்தபோது நீலப் புள்ளித் தட்டில் மட்டும் கசங்கிய துணுக்குகள். கொசு விவரத்தை எடுத்துக் காட்டினான். நீலம், வைட்டமின் சி தூள்.

இரண்டு பேரும் மேடத்திடம் போனார்கள். முழுவதையும் அவளே சொன்னாள். மேடம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார், ஈஸ்ட்டில் அதைச் சேர்க்க வேண்டிய அவசியம் என்ன என்று.

“நாத்தம் தாங்கல மேடம். எனக்குப் புழுன்னாலே அருவருப்பு. அன்னைக்கு இல்லைன்னு சொன்னது பொய்.”

மேடம் சிரிக்கவில்லை. “அருவருப்பு உன்னோடது. அதுக்கு மருந்தை நீ சாப்பிடணும். புழுவுக்கு ஏன் கொடுத்தே?” என்றார். பிறகு படத்தை மறுபடி தன் பக்கம் இழுத்து, பச்சை இல்லாத முளையின் மேல் விரலை வைத்தார். கூப்பிடுவதை எப்போது வேண்டுமானாலும் அணைக்க முடிகிறது. அப்படியென்றால் கொஞ்சம் கொஞ்சமாக அணைத்துப் பார்த்து, ஓரத்துச் செல்லுக்கு எவ்வளவு மெல்லிய குரல்வரை கேட்கிறது என்று அளக்கலாமே என்றார். அதை யார் செய்வது என்று கொசு கேட்டான். வாயைப் பொத்தத் தெரிந்தவள்தான் செய்ய வேண்டும் என்றார் மேடம். மாடி மேசைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை அவள் தனியாகத்தான் செய்தாள். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. குமட்டல் குறையவில்லை, குறையும் என்று இப்போது அவள் எதிர்பார்க்கவும் இல்லை. அருவருப்போடே பொறுக்கினாள், அருவருப்போடே குழைத்தாள். காயம்பட்ட புழுக்கள் சுணங்கின, பொறுத்தன, பிறகு கூடு கட்டின. வெளியே வந்த ஈக்கள் மூடியைத் திறந்ததும் முழுச் சிறகோடு அவள் முகத்தில் வந்து மோதின. சீ என்று தட்டிவிட்டாள்.

செய்முறை இப்போது இதுதான். ஈஸ்ட்டை வெறும் தண்ணீரில் குழைக்க வேண்டும். சாகிற செல்லின் ஆக்சிஜனை அடக்கக்கூடிய எதையும் புழுவின் தட்டில் சேர்க்கக் கூடாது. நாற்றம் பொறுக்காதவர்கள் முகக்கவசத்தின் உட்புறத்தில், தங்கள் மூக்குக்கு நேராக, ஒரு சொட்டு வாசனைச் சாறு தடவிக்கொள்ளலாம்.